ஜப்பான் குளிர்காலப் பயணம்: கடைசி நாளை என்ன செய்வது?

கேள்வி சுருக்கமாக இது: பொங்கல் விடுமுறையை ஒட்டி ஆறு பேர் ஜப்பான் போகிறார்கள். கணவன், மனைவி, 9 வயது மகள், 5 வயது மகன், கூடவே அப்பா, அம்மா. கியோட்டோ, தகயாமா, ஷிரகவாகோ, டோக்கியோ என்று ஒன்பது நாள். ஜனவரி 18 மாலை 6:30-க்கு நரிட்டா விமான நிலையத்திலிருந்து ஃப்ளைட். அன்று காலையில் அறையைக் காலி செய்துவிட்டு ஷிபுயா, அகிஹபாரா, ஸ்கைட்ரீ மூன்றையும் பார்த்துவிட்டு ஏர்போர்ட் போக முடியுமா? பெட்டிகள் ஐந்து. அம்மா சுத்த சைவம். இல்லையென்றால் முந்தின நாளும் தகயாமாவிலேயே தங்கி, பனியை ஆசை தீரப் பார்த்துவிட்டு நேரே ஏர்போர்ட் போய்விடலாமா?

முடியாது, வேண்டாம். இரண்டு கேள்விக்கும் பதில் அதுதான். ஏன் என்பதையும், அதற்குப் பதில் நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன் என்பதையும் சொல்கிறேன். டோக்கியோவின் நிஷி கசாய் பகுதியில் எட்டு வருடம் குடியிருந்தவன். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஊரிலிருந்து யாராவது வந்து இறங்குவார்கள். அவர்களை வழியனுப்பி வழியனுப்பியே இந்தக் கடைசி நாள் வித்தையைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் மலைகளுக்கு நடுவே இருக்கும் தகயாமா. ஜப்பானின் குளிர்காலம் ஒன்றல்ல, இரண்டு. சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டும்போது, அதன் வெதுவெதுப்பான நீரிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. நாட்டின் நடுவே முதுகெலும்பு மாதிரி நிற்கும் மலைகளில் மோதி, அந்த ஈரத்தை முழுக்கப் பனியாகக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு டோக்கியோ பக்கம் இறங்குகிறது. அதனால்தான் தகயாமாவுக்குப் பக்கத்து மலைக்கிராமமான ஷிரகவாகோவில் கூரைமேல் கனமாகப் பனி நிற்கும் அதே நாளில் டோக்கியோவில் துடைத்துவிட்ட மாதிரி நீல வானம் இருக்கும். நீங்கள் பார்க்க ஆசைப்படும் பனிதான் உங்கள் ரயிலையும் பஸ்ஸையும் நிறுத்தும். தகயாமாவிலிருந்து நகோயாவுக்கு மலைப்பாதை ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து ஷிங்கன்சென் என்ற அதிவேக ரயிலில் டோக்கியோவுக்கு ஒன்றே முக்கால் மணி. பிறகு நரிட்டாவுக்கு இன்னும் ஒரு மணிக்கு மேல். எல்லாம் சரியாக ஓடினாலே அரை நாள் போச்சு. கியோட்டோவிலிருந்து வந்தாலும் கதை அதேதான். செகிகஹாரா என்ற இடத்தில் பனி பெய்தால் ஷிங்கன்சென் வேகத்தைக் குறைத்துத்தான் போகும். 1600-ல் ஜப்பானின் தலையெழுத்தைத் தீர்மானித்த போர் நடந்த இடம் அது; இன்றும் பயணிகளின் திட்டத்தைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே கடைசி இரண்டு இரவும் டோக்கியோவில் தங்குங்கள். டோக்கியோவிலேயே பனி பெய்துவிட்டால் என்று கேட்பீர்கள். அபூர்வம், ஆனால் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை தென்கரையை ஒட்டிக் காற்றழுத்தத் தாழ்வு நகரும்போது பெய்யும். 2014 பிப்ரவரியில் 27 சென்டிமீட்டர், 2018 ஜனவரி 22 அன்று 23 சென்டிமீட்டர். வடக்கே ஹொக்கைடோ தீவில் இதை யாரும் பனி என்றே சொல்ல மாட்டார்கள். டோக்கியோ இதற்கே ஸ்தம்பித்துப்போகும். இரண்டு நாள் முன்பே வானிலை அறிவிப்பில் சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொன்னால், நான் கீழே எழுதப்போவதை எல்லாம் மறந்துவிட்டு, காலையிலேயே ஏர்போர்ட்டில் போய் உட்கார்ந்துவிடுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. 6:30 ஃப்ளைட்டுக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும்போது மூன்று, மூன்றரைக்கு ஏர்போர்ட்டுக்குள் இருக்க வேண்டும். நரிட்டா என்பது டோக்கியோ அல்ல. நகர மையத்திலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல், பக்கத்து மாவட்டமான சிபாவில் இருக்கிறது. சென்னையிலிருந்து கிளம்புகிறவன் செங்கல்பட்டையும் தாண்டி ஃப்ளைட் ஏறுகிற மாதிரி. ஒன்றரை, இரண்டு மணிக்கு டோக்கியோவை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்றால் உங்கள் கையில் இருப்பது காலை மட்டும்தான். பெரிய கடைகள் திறப்பதே பத்து, பதினொரு மணிக்கு. ஷிபுயா நகரத்தின் மேற்குப் பக்கம், ஏர்போர்ட் கிழக்குப் பக்கம். எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் ஆட்கள் கடக்கும் அந்தப் பிரசித்திபெற்ற சாலைச் சந்திப்பை மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் முந்தின நாள் மாலை கூட்டிப்போங்கள். ஜனவரியில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்; விளக்கெல்லாம் எரியும்போதுதான் அதற்கு அழகு. அகிஹபாரா கடைப்பகுதியும் அப்படியே. நான் தங்கச் சொல்லப்போகும் உவெனோவிலிருந்து இரண்டே ஸ்டேஷன், முந்தின இரவு முடித்துவிடலாம்.

என் யோசனை இதுதான்: கடைசி நாளைக் கிழக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அசாகுசாவிலோ உவெனோவிலோ அறை எடுங்கள். காலை அசாகுசா, மதியம் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலுள்ள நரிட்டா ஊர், மாலை ஏர்போர்ட். உவெனோவில் ரயில் ஏறிய பிறகு பயணம் முழுக்கக் கிழக்கு நோக்கித்தான், திரும்பி வர வேண்டியதில்லை.

இது நடக்க வேண்டுமென்றால் பெட்டிகள் கூட வரக்கூடாது. இங்கேதான் கடைசி நாள் வேலை இரண்டு நாள் முன்பே தொடங்குகிறது. 'தக்யூபின்' என்ற வீட்டுக்கு வீடு பார்சல் சேவை 1976-ல் அங்கே தொடங்கியது. குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் கறுப்புப் பூனை படம் போட்ட வண்டிகளை நீங்களே தெருவுக்குத் தெரு பார்ப்பீர்கள். ஹோட்டல் வரவேற்பில் சொன்னால் ஒரு சீட்டு தருவார்கள். அதில் ஏர்போர்ட், டெர்மினல் எண், ஃப்ளைட் எண், கிளம்பும் தேதி, நேரம் எழுத வேண்டும். ஒரு பெரிய பெட்டிக்கு மூவாயிரம் யென் சுற்றி ஆகும். உங்கள் ஃப்ளைட் 18-ஆம் தேதி என்றால் பெட்டி 17-ஆம் தேதியே ஏர்போர்ட் கவுன்ட்டரில் இருக்க வேண்டும். ஆகவே 16-ஆம் தேதி காலையில் கொடுத்துவிடுங்கள். மூன்று பெரிய பெட்டிகளை இப்படி அனுப்பிவிட்டு, சின்னது இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டால் போதும். அந்தப் பணத்துக்கு வலிப்பதாக அப்பா முணுமுணுப்பார். ரயில் நிலையப் படிக்கட்டில் ஒருமுறை பெட்டியோடு ஏறி இறங்கினால் அவரே அடுத்த பெட்டிக்கும் சேர்த்துப் பணம் எடுத்துத் தருவார்.

ஒரு எச்சரிக்கை. ஒருமுறை என் மாமனாரின் பாஸ்போர்ட்டை, பத்திரமாக இருக்கட்டும் என்று மாமியார் பெட்டியின் அடியில் புடவைகளுக்கு நடுவே வைத்துவிட்டார். அந்தப் பெட்டி கறுப்புப் பூனையோடு ஏர்போர்ட்டுக்குப் போய்விட்டது. எங்களுக்குத் தெரிந்தது மறுநாள், ஒரு கடையில் வரி இல்லாமல் வாங்கப் பாஸ்போர்ட்டைக் கேட்டபோது. பெட்டி சொன்னபடி வந்து சேர்ந்திருந்தது, பயணம் தடைப்படவில்லை. ஆனால் ஒன்றரை நாள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வெளிநாட்டுப் பயணி பாஸ்போர்ட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டமும்கூட. ஆறு பாஸ்போர்ட், அப்பா அம்மாவின் மாத்திரைகள், பவர் பேங்க், ஒரு நாள் மாற்றுத்துணி. இவை அனுப்பும் பெட்டிக்குள் போகவே கூடாது.

சரி, அன்று காலை. ஆறரைக்கு எழுப்புங்கள்; பிள்ளைகள் சிணுங்குவார்கள், பரவாயில்லை. வெளியே ஒன்றிரண்டு டிகிரிதான் இருக்கும். காற்று அவ்வளவு வறட்சி, உதடு வெடிக்கும். எல்லோருக்கும் வாசலின் தடவிவிடுங்கள். அசாகுசாவில் இருக்கும் சென்சோஜி என்ற புத்தர் கோவிலின் பிரதான மண்டபம் குளிர்காலத்தில் காலை 6:30-க்குத் திறக்கிறது. பத்து மணிக்கு மேல் அங்கே தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். ஏழு மணிக்குப் போனால் உள்ளூர்ப் பாட்டிகளும் நாயோடு நடை போகிறவர்களும் மட்டும்தான். சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி இருவரின் வலையில் 628-ஆம் ஆண்டு கன்னோன் சிலை ஒன்று சிக்கியது, அதுதான் இந்தக் கோவிலின் தொடக்கம் என்பது தலபுராணம். கன்னோன் என்பவர் நம் பக்கத்து அவலோகிதேஸ்வரர், கருணையின் போதிசத்துவர்தான். ஸ்கைட்ரீயைப் பற்றிக் கேட்டீர்கள். 634 மீட்டர் உயரமுள்ள அது இங்கிருந்து ஆற்றுக்கு அக்கரையில் முழுசாகத் தெரியும். மேலே ஏறக் காசு கொடுப்பதைவிட, காலை வெயில் அதன்மேல் படும்போது கீழிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். உயரத்திலிருந்து ஊரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால், ஷிஞ்சுக்குவில் டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45-வது மாடிக்கு முன்னாலேயே ஒருநாள் போய்விட்டு வாருங்கள். இலவசம். குளிர்காலக் காலையில் அங்கிருந்து ஃபூஜி மலை தெரிய நல்ல வாய்ப்பு உண்டு.

சென்சோஜியிலிருந்து வடகிழக்கே பத்து நிமிட நடையில் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகள் எட்டிப் பார்க்காத ஒரு சின்னக் குன்று இருக்கிறது. மட்சுச்சியாமா ஷோடென். அங்கே குடியிருப்பவர் காங்கிதென், அதாவது நம் பிள்ளையார். இந்தியாவிலிருந்து சீனா போய், அங்கிருந்து புத்த சமயத்தோடு ஜப்பான் வந்தவர். சிலையைப் பார்க்க முடியாது. மறைத்தே வைத்திருப்பார்கள், தரிசனத்துக்குத் திறப்பதில்லை. ஆனால் கோவில் முழுக்க இரண்டு அடையாளங்கள் செதுக்கியிருக்கும்: பின்னிக்கொண்ட இரண்டு முள்ளங்கி, ஒரு சுருக்குப்பை. உடல்நலத்துக்கும் குடும்ப ஒற்றுமைக்கும் முள்ளங்கி, வியாபாரத்துக்குச் சுருக்குப்பை. கொழுக்கட்டையும் அருகம்புல்லும் இல்லை. கோவிலிலேயே முழங்கை நீளத்துக்கு வெள்ளை முள்ளங்கி விற்பார்கள், வாங்கிச் சன்னிதியில் வைத்துக் கும்பிட வேண்டியதுதான். படைத்து எடுத்த முள்ளங்கியை வருகிறவர்கள் பிரசாதமாக எடுத்துப்போகலாம் என்று வைத்திருப்பார்கள். ஜனவரி 7-ல் முள்ளங்கித் திருவிழாவே உண்டு. உங்கள் தேதிக்கு அது முடிந்திருக்கும். படி ஏற முடியாதவர்களுக்குச் சின்னதாக ஒரு சாய்வு வண்டியும் இருக்கிறது. என் அம்மா முதல்முறை அங்கே நின்றபோது, 'கணேசா, உனக்கு இங்க முள்ளங்கிதானா கிடைச்சுது' என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற ஜப்பானியப் பாட்டி, என்ன புரிந்ததோ, குனிந்து வணங்கினார்.

பிறகு அறைக்குத் திரும்பிச் சாப்பாடு. அம்மாவுக்காகச் சொல்கிறேன். ஜப்பானில் சைவத்தின் எதிரி கறி அல்ல, 'தஷி'. காய்ந்த மீன் சீவலைப் போட்டுக் கொதிக்கவைத்த சாறு. காய்கறிக் குழம்பு, சோயா சாஸில் தொட்டுக்கொள்ளும் நூடுல்ஸ், மிசோ என்ற சோயா விழுதில் செய்த சூப் எல்லாவற்றிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெளியே பாதுகாப்பானது என்று பார்த்தால் உமெபோஷி என்ற புளிப்புப் பழ ஊறுகாய் வைத்த சோற்று உருண்டை, அதிலும் 'கட்சுவோ' என்ற சொல் இல்லாததாகப் பார்க்க வேண்டும். கட்சுவோ என்றால் அந்த மீன். செல்போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தது சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு. குளிர்காலத்தில் சூப்பர்மார்க்கெட் வாசலிலேயே சூடான கல் மேல் வைத்திருப்பார்கள். தோலை உரித்தால் உள்ளே தேன் மாதிரி இளகி ஆவி பறக்கும். பொங்கலுக்கு ஊரில் அவித்த கிழங்கு கிடைக்கவில்லையே என்ற குறையையும் அது தீர்த்துவிடும்.

ஆனால் கடைசி நாளுக்கு உண்மையான தீர்வு தயிர்சாதம்தான். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஒரு ஆள் சாப்பிடும் அளவுக்கு வெந்த வெறும் சோறு, மூடிய பிளாஸ்டிக் தட்டில் விற்கும். அரிசியும் தண்ணீரும், அவ்வளவுதான். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். ஹோட்டலில் குளிர்பான மிஷின் இருக்கும் மூலையில் பெரும்பாலும் ஒரு மைக்ரோவேவ் இருக்கும். சர்க்கரை போடாத வெறும் தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும். ஜெலட்டின் சேர்த்ததா என்று மட்டும் பாருங்கள். ஜப்பான் அரிசி கொஞ்சம் ஒட்டும், தயிர்சாதத்துக்கு அதுவே நல்லது. கரண்டியால் மசித்தால் குழைந்துவிடும். உப்பு, ஊரிலிருந்து கொண்டுபோன நார்த்தங்காய். டப்பாவில் அடைத்து மதியத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் கேட்பார், இரண்டு டப்பா கூடவே போடுங்கள்.

பத்து மணிவாக்கில் அசாகுசாவிலிருந்து கின்சா என்ற சுரங்க ரயில் பாதையில் உவெனோ, ஐந்து நிமிடம். 1927-ல் முதன்முதலில் ஓடியது இந்த ஒரு துண்டுதான். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் என்று அப்பாவிடம் சொல்லுங்கள், ரயில்வேயில் ஆர்வம் இருந்தால் மகிழ்வார். அங்கே கெய்செய் என்ற தனியார் ரயில் நிறுவனத்தின் 'கெய்செய் உவெனோ' ஸ்டேஷனில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்கைலைனர் என்ற வேக ரயில் மணிக்கு 160 கிலோமீட்டரில் நேரே ஏர்போர்ட்டுக்குப் போகும். நரிட்டா ஊரைத் தொடாது, வேறு பாதை. நீங்கள் ஏற வேண்டியது பழைய பிரதான பாதையில் போகும் லிமிடெட் எக்ஸ்பிரஸ் வகை ரயில். கெய்செய் நரிட்டா ஸ்டேஷனுக்கு ஒரு மணிக்குச் சற்று மேல், தனிக் கட்டணம் கிடையாது, ஆயிரம் யென்னுக்குள் முடியும். ஆறு வயதுக்குக் கீழே உள்ள உங்கள் மகனுக்கு டிக்கெட் வேண்டாம், மகளுக்குப் பாதி. அங்கிருந்து ஏர்போர்ட் பத்தே நிமிடம். இந்தப் பத்து நிமிடம்தான் முழு நாளுக்கும் நிம்மதி. மதியம் என்ன ஆனாலும் ஃப்ளைட் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. ஒரு ஜனவரியில், மத்திய டோக்கியோவில் ஷாப்பிங் முடித்துவிட்டுக் கிளம்பினோம். தண்டவாளத்தில் விபத்து, நாங்கள் இருந்த ரயில் நாற்பது நிமிடம் நடுவழியில் நின்றது. அன்றைக்குக் கவுன்ட்டரில் கடைசியாக நின்ற குடும்பம் எங்களுடையது. அதன்பிறகு வந்த எல்லா உறவினர்களுக்கும் நரிட்டா ஊர்தான்.

கெய்செய் நரிட்டா ஸ்டேஷனிலிருந்து நரிட்டாசான் கோவிலுக்கு இறங்கிப் போகும் கடைத்தெரு கிட்டத்தட்ட 800 மீட்டர். பழைய மரக்கட்டடங்கள், நெல்லி நிறத்து ஊறுகாய்கள், மூங்கில் சாமான்கள், இனிப்புகள். இந்தத் தெருவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது விலாங்கு மீன். கடை வாசலிலேயே பலகை போட்டு, உயிரோடு எடுத்து, ஒரே இழுப்பில் அறுத்துக்கொண்டிருப்பார்கள். அம்மாவின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கமாகக் கூட்டிப்போங்கள். அவர் சாப்பிடக்கூடியது யோகான்: சிவப்புப் பயறு, சர்க்கரை, கடல்பாசி, அவ்வளவுதான். நடுவில் செஸ்ட்நட் வைத்ததுதான் இந்த ஊர் விசேஷம். நம் ஊர் அல்வாவுக்கும் ஜெல்லிக்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். ஊருக்கு வாங்கிப்போவதற்கும் நல்லது, கெடாது. வழியில் யாராவது அமசாகே என்ற இனிப்பு அரிசிப் பானத்தைச் சூடாகக் கொடுத்தால், பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வகையில் துளி மது இருக்கும், இன்னொரு வகையில் இருக்காது.

நரிட்டாசான் ஷின்ஷோஜி 940-ல் நிறுவப்பட்டது. மூலவர் ஃபுதோ மியோ-ஓ. வடமொழியில் அசலர், அசையாதவர். முதுகுக்குப் பின்னால் தீ, கையில் வாள், கோபமான முகம். இங்கே பார்க்க வேண்டியது 'கோமா' என்ற வழிபாடு. அந்தச் சொல்லை இன்னொருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஹோமம். அதே சொல்தான், அதே சடங்குதான். தினமும் பலமுறை நடக்கும், ஜனவரியில் இன்னும் அதிகமுறை. அன்றைய நேரங்களை முந்தின நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்த் தரையில் உட்காரலாம். கட்டணம் கிடையாது, படம் எடுக்கக்கூடாது. பெரிய முரசு அதிர ஆரம்பித்ததும் உங்கள் மகன் மடியில் ஏறிவிடுவான். வேண்டுதல் எழுதிய குச்சிகளைக் குருக்கள் ஒவ்வொன்றாகத் தீயில் இடுவார். தீ ஆள் உயரத்துக்கு எழும்பும். மந்திரம் சீன உச்சரிப்பில் தேய்ந்துபோன வடமொழி. ஜப்பானியர்கள் தங்கள் கைப்பைகளைக் கொண்டுபோய்க் கொடுத்து, தீயின் வெப்பம் படும்படி காட்டி வாங்கிக்கொள்வார்கள். பாஸ்போர்ட் இருக்கும் பையை நீங்களும் கொடுக்கலாம்.

இதில் நமக்கு வெறும் ஒற்றுமை மட்டும் இல்லை, ஒரு வம்சாவளியே இருக்கிறது. இந்தக் கோவில் புத்த சமயத்தின் ஷிங்கோன் பிரிவைச் சேர்ந்தது. அதை ஜப்பானுக்குக் கொண்டுவந்த கூகாய் என்ற துறவி 804-ல் சீனாவுக்குக் கப்பலேறிப் போய், 806-ல் திரும்பியவர். அங்கே அவருடைய குரு ஹுய்குவோ. அவருடைய குரு அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி, 671 முதல் 741 வரை வாழ்ந்த தென்னிந்தியர். சீனத்துக்குக் கடல்வழியாக 720 வாக்கில் போய்ச் சேர்ந்தவர். காஞ்சியில் பல்லவ அரசன் காலத்தில் பஞ்சம் வந்தபோது மழைக்காக வழிபாடு செய்தார் என்று சீனக் குறிப்புகள் சொல்கின்றன. ஷிங்கோன் மரபின் எட்டுக் குருமார்களில் இன்றும் அவர் ஒருவர். ஆக, விமானம் ஏறப்போகும் கடைசி மணிகளில் நீங்கள் பார்க்கும் அந்தத் தீயின் வழித்தடத்தில் காஞ்சியும் ஒரு ஊர். அம்மாவிடம் இதைத் தீ எரிந்துகொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். ஷிபுயாவை அவர் ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்; இதை மறக்க மாட்டார்.

கோவிலுக்குப் பின்னால் பெரிய பூங்கா இருக்கிறது. மதியம் வெயில் இருந்தால் பத்து டிகிரி சுகமாக இருக்கும். பெஞ்சில் உட்கார்ந்து தயிர்சாதத்தை முடித்துக்கொள்ளுங்கள். டப்பாவைத் தூக்கிப் போடக் குப்பைத்தொட்டி தேடாதீர்கள், பொது இடங்களில் சுலபத்தில் கிடைக்காது. ஒரு கவர் கையோடு இருக்கட்டும். இரண்டே முக்காலுக்குக் கிளம்பினால் போதும்.

ரயிலில் முதலில் வருவது டெர்மினல் 2, 3-க்கான ஸ்டேஷன், கடைசியாக வருவது டெர்மினல் 1. மலிவு விமானங்கள் பல டெர்மினல் 3-லிருந்து கிளம்பும். அதற்கு டெர்மினல் 2-ல் இறங்கி நடக்க வேண்டும். கவுன்ட்டரில் பெட்டிகளை வாங்கியதும் நேரே செக்-இன்னுக்கு ஓடாதீர்கள். ஒரு ஓரமாகப் பெட்டியைத் திறந்து, பனிக்குப் போட்ட பூட்ஸ், தடித்த கோட்டு, கம்பளிக் குல்லாயை உள்ளே தள்ளுங்கள். வாங்கிய கத்தி இருந்தால் அதுவும் உள்ளே. மிசோவும் உள்ளே. மிசோவைத் திரவக் கணக்கில் சேர்ப்பார்கள் என்று பலருக்குத் தெரியாது. என் பெரியம்மா ஒரு கிலோ டப்பாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, 'இது சட்னி மாதிரிதானே, தண்ணி இல்லையே' என்று பாதுகாப்புச் சோதனைப் பெண்ணிடம் தமிழில் வாதாடினார். தோற்றார். தண்ணீரில் ஊறும் ஊறுகாய், கப்பில் அடைத்த புட்டிங், உள்ளே நீர் நிறைந்த கண்ணாடிப் பொம்மை எல்லாமே அதே ரகம். பவர் பேங்க் மட்டும் கையில். 2025 ஜூலையிலிருந்து ஜப்பானில் அதைத் தலைக்கு மேல் உள்ள அடுக்கில் வைக்க வேண்டாம், கண்ணெதிரில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். புதுப்பெட்டி வாங்கிவிட்டால் பழைய பெட்டியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டுப் போவதும் வேண்டாம். அங்கே அது பெரிய தலைவலி.

வரி இல்லாமல் வாங்கிய தின்பண்டம், அழகுசாதனங்களை ஒட்டிய பையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2026 நவம்பர் 1 முதல் முறையே மாறுகிறது: கடையில் வரியோடு முழு விலையும் கொடுத்துவிட்டு, கிளம்பும்போது சுங்கத்தில் சரிபார்த்த பிறகு வரியைத் திருப்பி வாங்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு போகிறீர்கள் என்றால் பொருள்கள் கையில் இருக்கும்படி வைத்து, அதற்கென்று அரைமணி கூடுதலாக ஒதுக்குங்கள். ரயிலுக்கும் கடைக்கும் பணம் கட்டும் சுய்கா அட்டையில் மீதி இருந்தால் கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தீர்த்துவிடுங்கள். சாதாரண அட்டை கடைசியாகப் பயன்படுத்திய நாளிலிருந்து பத்து வருடம் செல்லும், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அடுத்தமுறை யாராவது போவார்கள்.

ஃப்ளைட் டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடாவிலிருந்து என்றால் இதெல்லாம் தேவையில்லை. அது நகரத்துக்குள்ளேயே இருக்கிறது, நள்ளிரவு விமானம் என்றால் டெர்மினல் 3-ஐ ஒட்டிய கட்டடத்தில் வெந்நீர்க் குளியல்கூடப் போட்டுவிட்டு ஏறலாம்.

கடைசியாகச் சில்லறை. நாணயத்தை நம் ஊரில் யாரும் மாற்றித் தர மாட்டார்கள். ஓட்டை போட்ட ஐந்து யென் காசுகளை நரிட்டாசான் உண்டியலுக்கு ஒதுக்குங்கள். 'கோ-என்' என்ற அதன் உச்சரிப்புக்கு நல்ல உறவு என்றும் பொருள் வரும், அதனால் ஜப்பானியர்களும் அதையே போடுவார்கள். நூறு யென் காசுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். நரிட்டாவில் மிச்சச் சில்லறையைத் தீர்ப்பதற்கென்றே உருண்டைக்குள் பொம்மை வரும் மிஷின்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஒரு யென் காசுகள் மட்டும் யாருக்கும் வேண்டாம். அதை மகனுக்கு வைத்திருங்கள். சுத்த அலுமினியம், ஒன்று சரியாக ஒரு கிராம். கேட்டில் உட்கார்ந்து காத்திருக்கும்போது ஒரு டம்ளர் தண்ணீரில் படுக்கைவாட்டில் மெதுவாக வைத்தால் மிதக்கும். ஏழெட்டுத் தடவை முங்கும். அரைமணி அவன் சத்தம் கேட்காது.